சாயல்குடி பக்கம் பனங்காட்டில் குடியேறலாம் என்று இருக்கிறோம், தண்ணீருக்கு என்ன வழி?

விடலிப்பனை:
வணக்கம். எனக்கு வயது 34, திருப்பூரில் வேலை. ராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடியிலிருந்து மூக்கையூர் போகும் பக்கம் தாத்தா விட்டுப்போன மூன்று ஏக்கர் இருக்கிறது. கடல் ஒன்றரை கிலோமீட்டர். அறுபது பனை நிற்கிறது, மீதியெல்லாம் சீமைக்கருவேலம். கரண்ட் இல்லை, டீக்கடைக்கே மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். அலாஸ்காவில் காட்டுக்குள் மரவீடு கட்டிக்கொண்டு, விறகு, தோட்டம், மீன் என்று தங்கள் கையாலேயே வாழும் குடும்பங்களைப் பற்றி நிறைய படித்தேன். அதே மாதிரி நம் மண்ணில் வாழ முடியாதா என்ற ஆசை மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. மனைவிக்கும் சம்மதம், பெண்ணுக்கு ஆறு வயது. நிலத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது, பதினெட்டு அடி, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் சோலார் மோட்டார் போட்டு, பனை ஓலையில் ஒரு வீடு கட்டினால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இப்படி வாழ்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கடலாடிக்காரன்:
தம்பி, அந்த மோட்டார் யோசனையை முதலில் விடுங்கள். நம் கரையோர மணலில் நல்ல தண்ணீர் என்பது கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிற ஒரு மெல்லிய அடுக்கு. மழை மணலில் இறங்கி, உப்பு நீரைவிட இலேசாக இருப்பதால் மேலேயே நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற தண்ணீரை அள்ளிக் குடிக்கிறார்களே, அது இந்த அடுக்குதான். வாளியில் இறைக்கும் வரை அதற்கு ஒன்றும் ஆகாது. மோட்டாரைப் போட்டு வேகமாக இழுத்தால் மேல் தண்ணீர் ஓர் அடி இறங்குவதற்குக் கீழிருக்கும் உப்பு பல அடி மேலே ஏறி வரும். எங்கள் அப்பா தென்னைக்கு என்று மோட்டார் வைத்தார், இரண்டே கோடையில் கிணறு சவர் ஆகிவிட்டது, பதினோரு வருடம் ஆகியும் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. அவர் கடைசிவரை அந்தக் கிணற்றைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தப்பட்டார், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அலாஸ்காக்காரர்கள் பனிக்காலத்துக்கு விறகு அடுக்கி வைப்பார்கள். நமக்கு அந்தப் பனிக்காலம் என்பது மாசியிலிருந்து புரட்டாசி வரை. அடுக்கி வைக்க வேண்டியது தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 400 சதுர அடி கூரை என்றால் 37 சதுர மீட்டர். ஐப்பசி முதல் மார்கழி வரை 400 மில்லிமீட்டர் பெய்தாலே 14,800 லிட்டர், சிந்தினது வழிந்தது போக 11,000 தேறும். மூன்று பேருக்குக் குடிக்க, சமைக்க நாளுக்கு 25 லிட்டர் என்று வைத்தால் எட்டு மாதத்துக்கு 6,000. ஆக 10,000 லிட்டர் தொட்டி ஒன்று, வெயில் படாமல், கொசு போகாமல் மூடி வையுங்கள். முதல் மழையைப் பிடிக்காதீர்கள், அது கூரையில் இருக்கிற உப்பையும் தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அப்புறம், ஓலைக்கூரைத் தண்ணீர் பழுப்பாக வரும், குடிக்க ஆகாது. வீட்டில் ஒரு பாதியாவது ஓடு போடுங்கள், மாட்டுக்கொட்டகை, சமையல் கொட்டகைக்கு ஓலை போதும்.

பனையேறி மகள்:
அண்ணா சொன்ன தண்ணீர்க் கணக்கு சரி. நான் பனையைப் பற்றிச் சொல்கிறேன். அறுபது பனை இருக்கிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள் தம்பி, அதுதான் உங்கள் சொத்தே. ஆனால் அதில் நீங்களே ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எங்கள் அப்பா பன்னிரண்டு வயதில் ஏறத் தொடங்கியவர். பதநீர் இறக்கப் பாளையை, அதாவது பனையின் பூங்குலையை, தினமும் இரண்டு வேளை சீவ வேண்டும், ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும், கள்ளுக்கு இங்கே தடை இருக்கிறது. இறக்கிய பதநீரை அன்றைக்கே காய்ச்ச வேண்டும். அம்மா அடுப்படியை விட்டு எழுந்திருக்கவே மதியம் ஆகிவிடும். பக்கத்து ஊரில் பனையேறுகிறவர் ஒருவரைப் பார்த்து வாரத்துக்கு, அதாவது விளைவதில் பங்குக்கு, பேசுங்கள். அவர் ஏறட்டும், நீங்கள் இருவரும் காய்ச்சுங்கள், கருப்பட்டியைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். விறகுக்கு உங்கள் கருவேலமே இருக்கிறதே.

ஏறாமல் கிடைப்பதும் நிறைய. ஆவணி, புரட்டாசியில் விழுகிற பழத்துக் கொட்டைகளை மணலில் மேடு கட்டிப் பதித்தால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு. மட்டையில் வேலி, நாரில் கட்டில், ஓலையில் பெட்டி, பாய். பெண் குழந்தைக்கு முடையச் சொல்லிக் கொடுங்கள், ஆறு வயது சரியான வயது, எனக்கு அந்த வயதில்தான் பாட்டி கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள்.

உப்புக்காற்று:
கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து வந்து அடிக்கும். சாதாரண ஆணி, போல்ட், தகரம் எல்லாம் துருப்பிடித்துப் போகும், சோலார் தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்தான். சீமைக்கருவேலத்தை ஒரேயடியாக அழிக்காதீர்கள், காற்றுத் தடுப்புக்குத் தென்மேற்கில் ஒரு வரிசை விடுங்கள். மீதியைக் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் கொடுத்தால் வெட்டிக்கொள்வார்கள், வேரை மட்டும் நீங்கள் தோண்ட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் தழைத்துவிடும். ஆடு வளர்த்தால் அதன் காயைத் தின்று புழுக்கையில் விதை போட்டுக்கொண்டே இருக்கும், கவனம்.

இன்னொன்று. சுருட்டை விரியன் இந்தப் பக்கம் உண்டு. இரவில் டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108க்குச் சொல்லிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேருங்கள். பக்கத்தில் எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று குடிவரும் முன்பே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். பக்கத்து ஊரில் பைக் வைத்திருக்கிற இரண்டு பேர் நம்பர் கையில் இருக்க வேண்டும்.

விடலிப்பனை:
எல்லோருக்கும் நன்றி. மோட்டாரை விட்டுவிட்டேன், ஓட்டுக்கூரைக்கு எஸ்டிமேட் கேட்கிறேன். பனையேறி மகள் அக்கா, அந்த வாரப் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தனியாகக் கேட்கிறேன். தை மாத விடுமுறையில் வந்து பத்து நாள் தங்கிப் பார்க்கலாமா?

கடலாடிக்காரன்:
தையில் வராதீர்கள் தம்பி. மழை முடிந்து எல்லாம் பச்சையாக, கிணறு நிறைந்து இருக்கும், யாருக்கும் பிடித்துப்போகும். சித்திரையில் குடும்பத்தோடு வந்து தங்குங்கள். அன்றைக்கு அந்தக் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, காலையில் இறைத்தது மாலைக்குள் எவ்வளவு ஊறுகிறது, நாக்கில் உப்பு தெரிகிறதா என்று பார்த்து இங்கே வந்து எழுதுங்கள், அப்புறம் தொட்டி அளவைப் பேசலாம்.