புதிய கடல்நீர்த் தொட்டியில் பழுப்புப் படலம்: மருந்து ஊற்றலாமா?

கேள்வி (மார்த்தாண்டம்):
வணக்கம். 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அண்மையில் அமைத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு இறங்கிய பிறகே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். தண்ணீர் ஆடி மாதத்தில் குளச்சல் கரையோரம் எடுத்தது. ஆவியாகிக் குறைவதற்கு வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுகிறேன். இப்போது மணல், கல், கண்ணாடி என எல்லாவற்றிலும் பழுப்புப் படலம் படிகிறது. துடைத்தாலும் மறுநாளே வந்துவிடுகிறது. கடையில் பாசிக்கொல்லி மருந்து ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா, அண்ணன்மாரே?

பதில் (நாகர்கோவில்):
என்ன பாசி என்று தெரியாமல் மருந்தைத் திறக்க வேண்டாம், தம்பி. விரல் பட்டதும் தூளாகக் கலைந்தால் அது டயாட்டம், அதாவது சிலிக்கேட் என்ற கனிமத்தைக் கொண்டு ஓடு கட்டும் நுண்பாசி. தண்ணீரில் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். கருஞ்சிவப்பாக, ஏடு ஏடாக உரிந்து வந்தால் சயனோபாக்டீரியா, பாசிபோல் ஒளியில் வளரும் பாக்டீரியா. நீரோட்டம் குறைந்த மூலைகளில்தான் அது முதலில் பிடிக்கும். கொழகொழப்பான இழைகளின் நுனியில் காற்றுக்குமிழிகள் நின்று, இரவில் குறைந்து, விளக்கு எரிந்ததும் மறுபடி தோன்றினால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர் என்று ஐயப்பட வேண்டும். இதுதான் மூன்றிலும் பொல்லாதது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாத தொட்டியில்தான் இது பெரும்பாலும் தலையெடுக்கிறது என்பதால், சுத்தம் செய்வதாக எண்ணித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் மேலும் பெருகக்கூடும்.

படலத்தில் சிறிது எடுத்து, தொட்டித் தண்ணீருடன் பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ தாளில் வடிகட்டி, வடிந்த நீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வையுங்கள். தெளிந்த நீரில் மறுபடி இழை திரண்டால் டைனோஃபிளாஜெல்லேட்தான்.

பதில் (பாறசாலை):
தண்ணீரையும் கவனியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நம் கரையோரம் ஆழ்கடல் நீர் மேலெழும்பி, நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் மூன்றையும் கொண்டுவருகிறது. மீனவருக்கு அது நல்ல காலம், தொட்டிக்கு அல்ல. ஆர்.ஓ. சவ்வும் சிலிக்கேட்டை முழுமையாகப் பிடிப்பதில்லை. நீரில் கரைந்துள்ள உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சுழியம் காட்டினாலும் சிலிக்கேட் இருக்கலாம் என்பதால், ஆர்.ஓ.வுக்குப் பின், மிஞ்சிய உப்புகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் மணிகளை வைத்து, அதை உரிய காலத்தில் மாற்றுவது அவசியம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வடிந்த நீர் தெளிவாகவே இருக்கிறது. படலமும் தூளாகவே கலைகிறது. ரெசின் வாங்குகிறேன். நத்தைகள் விடலாமா?

பதில் (நாகர்கோவில்):
அப்படியென்றால் டயாட்டம்தான். பாசி மேயும் டர்போ நத்தை ஒன்றிரண்டு போதும். படலம் தீர்ந்தபின் கூட்டமாக இருந்தால் பட்டினியில் இறந்து தண்ணீரைக் கெடுக்கும். உப்படர்த்தி மாற்றத்தை அவை தாங்காது. ஆகவே தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து பழக்கியபின் விடுங்கள்.