வீட்டூர்தி 'லைனிங்': தமிழில் என்ன பெயர்?

மடல் 1 · சுங்கை சிப்புட் (மலேசியா), தச்சுப் பட்டறையிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டூர்தியின் (கேரவன்) உட்புறத்தைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலைக்குத் தமிழில் ஒரு செய்முறைத் தாள் தயாராகிறது. பயிற்சிக்கு வருவது தோட்டத்துப் பிள்ளைகள். பட்டறையில் புழங்கும் கேபினட், லாச்சி (இழுப்பறை), ஸ்குரு, சிலிக்கோன் எதையும் மாற்றும் எண்ணம் இல்லை. முட்டுவது 'லைனிங்' ஒன்றுதான். சுவரின் உட்பக்கம், மரச்சட்டங்களின்மேல் ஒட்டியிருக்கிறதே, வைனைல் முகம் வைத்த 3 மி.மீ. பிளைவுட், அது. சிலர் மலாய் வழியில் 'லாப்பிஸ்' என்கிறார்கள். பிளைவுட்டுக்கே 'பாப்பான் லாப்பிஸ்' என்றுதான் பெயர். ஆகவே கேபினட்டுக்கு வாங்கிய 12 மி.மீ. பலகையும் லாப்பிஸ், சுவர்த் தகடும் லாப்பிஸ் என்றாகிவிடுகிறது.

இதுவரை வந்த பரிந்துரைகள்: உட்பூச்சு, உள்வரி, உள்ளுறை, சுவர்ப்பலகை. எதை எடுக்கலாம்?

மடல் 2 · ஈப்போ

வணக்கம் அண்ணே.

நான்கையும் வேலையோடு வைத்துப் பார்த்தேன். சொல்லைக் கேட்டவனின் கை எங்கே போகும் என்பதுதான் அளவுகோல்.

'உட்பூச்சு' என்றால் கை தூரிகைக்குப் போகும். ஊறி உப்பிய தகட்டின்மேல் புட்டி வைத்து வண்ணம் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சட்டம் இன்னும் வேகமாக உளுத்துவிடும். 'உள்வரி' கோடாகவோ கட்டும் வரியாகவோ தெரியுமே தவிர ஒரு தகடாகத் தெரியாது. 'உள்ளுறை' நல்ல சொல்தான். ஆனால் உறை என்பது தலையணை உறைபோலக் கழற்றி மாட்டுவது. இதுவோ பசை வைத்து ஒட்டியது. இழுத்தால் பின்னாலிருக்கும் நுரையையும் பிய்த்துக்கொண்டு வரும்.

'சுவர்ப்பலகை'தான் எனக்குப் பயம் தருகிறது. பலகை என்றதும் ஸ்குரு பிடிக்கும் என்று நம்பிவிடுவார்கள். ஒரு மேல் கேபினட்டில் தட்டும் டின் சாமானும் ஏற்றினால் 15 கிலோ எளிதாக வரும். கேமரன் மலைச் சாலையில் வளைவுக்கு வளைவு அந்த எடை ஆடும். 3 மி.மீ. தகட்டில் மட்டும் பிடித்த ஸ்குரு முதலில் தன் துளையைத் தானே அகட்டும். கேபினட்டின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே நூலளவு இடைவெளி தெரியும். அடுத்து ஒரு பிரேக்கில் மொத்தமும் கீழே வரும். ஸ்குரு தகட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் சட்டத்தைப் போய்ப் பிடித்தாக வேண்டும்.

பழைய வண்டியின் சுவர் எப்படி இருக்கிறது? வெளியே ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு. நடுவே மரச்சட்டம், சட்டங்களுக்கு இடையே 25 முதல் 30 மி.மீ. நுரைப்பலகை. உள்ளே இந்தப் பிளைவுட். இப்படி அடுக்காக இருக்கும் பொருளுக்குப் பனையோடு வாழ்ந்தவர்கள் பெயர் வைத்துவிட்டார்கள்: வெளித்தோல் புறணி, அதன் உட்பக்கத்து நார் அகணி. பனை இங்கே இல்லையென்றாலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. கீழே தள்ளிய மட்டை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே கெட்டித் தோல், உள்ளே வெளிறிய நார், இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

வெளித்தகட்டைப் புறணி என்றும் உள்தகட்டை அகணி என்றும் வைப்போம். 'அகணியை அறு, புறணியைத் தொடாதே' என்று தாளில் ஒரே வரியில் எழுதிவிடலாம். ரம்பத்தின் ஆழம் 3 மி.மீ.யைத் தாண்டினால் நுரைக்குள் ஓடும் 12 வோல்ட் வயர் அறுபடும். இன்னும் இறங்கினால் அலுமினியத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாக வரும் மழைத்தண்ணீர்தான் அடுத்த சுவரை அழிக்கும்.

மடல் 3 · தைப்பிங்

அன்புள்ள தம்பிக்கு,

சொல் அழகாக இருக்கிறது. ஆனாலும் மூன்று தடைகள்.

தமிழ்நாட்டு உயிரியல் பாடத்தில் சிறுநீரகத்தின் உட்பகுதிக்கு அகணி என்று எழுதுகிறார்கள். இது முதல் தடை. இரண்டாவது, புறணி என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசுவது.

மூன்றாவதுதான் பெரியது. எல்லா வண்டியிலும் லைனிங் பிளைவுட் இல்லை. வேனைப் பிரித்துச் செய்யும் வண்டிகளில் வளைந்த இரும்புச் சுவரின்மேல் இழுத்தால் நீளும் துணியை ஒட்டுகிறார்கள். அதற்கும் இதே சொல் பொருந்துமா? பலகை என்று முடியும் சொல் எதுவும் அங்கே நிற்காது.

மடல் 4 · ஈப்போ

டீச்சர், மூன்றாவது தடை சொல்லைச் சரியாக்கிக் கொடுத்துவிட்டது. நன்றி.

அகணி என்பது அடுக்கின் பெயராக மட்டும் இருக்கட்டும். பிளைவுட் என்றால் அகணிப்பலகை, துணி என்றால் அகணித்துணி. மேற்கூரையில் இருப்பது கூரையகணி. பொருள் மாறினாலும் அடுக்கு மாறவில்லை. சிறுநீரகத்தோடு குழப்பம் வராது. 'சட்டம்' என்ற சொல் நீதிமன்றத்திலும் இருக்கிறது, தச்சனிடமும் இருக்கிறது. புறணிக்கு நீங்கள் சொன்னது உண்மைதான். அதைக் கட்டாயமாக்க வேண்டாம், 'வெளித்தகடு' போதும்.

துணிக்கும் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டியின் கூரைத்தகடு கை வைக்க முடியாத அளவு சுடும். சாதாரணத் தொடுபசை அந்தச் சூட்டில் இளகி, கூரையகணி நடுவில் தொட்டில்போலத் தொங்கிவிடும். சூடு தாங்கும் வகைப் பசை என்று டின்னில் பார்த்து வாங்க வேண்டும். துணி, தகடு இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்தபிறகே சேர்க்க வேண்டும்.

பலகை வேலைக்குத் தாளில் இப்படி எழுதலாம்:

"முதலில் கசிவைக் கண்டுபிடி. கூரை மூட்டு, ஜன்னல் சட்டம், விளக்குத் துளை மூன்றையும் பார். பழைய நாடாவைச் சுரண்டி எடுத்துப் புதிய பியூட்டைல் நாடா (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டுநாடா) வை. கசிவு நிற்காமல் அகணியை மாற்றாதே.

"கட்டைவிரலால் அகணியை அழுத்திக்கொண்டே போ. வைனைல் முகம் நன்றாக இருக்கும், ஆனால் பின்னால் பலகை கூழாகியிருந்தால் விரல் அமுங்கும். ஈரமானியில் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டும் இடத்தைப் பென்சிலால் வட்டமிடு. வெட்டும்போது வட்டத்துக்கு வெளியே, நல்ல சட்டத்தின் நடுக்கோட்டில் வெட்டு. அப்போதுதான் புதிய அகணிப்பலகையும் பழையதும் ஒரே சட்டத்தில் உட்காரும். சட்டம் 40 மி.மீ. அகலம் என்றால் ஆளுக்கு 20."

உலர்த்துவது பற்றித் தனியாக எழுதியே ஆகவேண்டும். நம் ஊர் இரவுக் காற்று ஈரம் நிறைந்தது. கதவைத் திறந்து மின்விசிறி வைத்தால் வெளியீரத்தை உள்ளே அழைத்தது போலத்தான். கதவையும் ஜன்னலையும் சாத்தி, ஈரம் உறிஞ்சும் கருவியை ஓடவிட்டு, நாள்தோறும் ஈரமானியில் பார்க்க வேண்டும். குளிர்நாட்டு வழிகாட்டிகள் சொல்லும் எண்ணுக்குக் காத்திருந்தால் வேலை முடியாது. நம் காற்றில் மரம் 15, 16-க்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. அந்த அளவில் நின்றுவிட்டால் மூடலாம்.

புதிய பலகைக்கு மெராந்தி பிளைவுட் போதும். அமெரிக்க வண்டிகளில் 'லுவான்' என்று எழுதியிருப்பது பிலிப்பீன்ஸ் வழியாகப் போன பெயர். மரம் இதே இனம்தான். 8க்கு 4 அடிப் பலகை முழுதாகக் கதவுக்குள் நுழையாது. மூட்டு எந்தச் சட்டத்தில் விழும் என்று குறித்தபிறகே வெட்ட வேண்டும். விளிம்பில் 2 மி.மீ. இடம் விட வேண்டும். நெருக்கி அடித்தால் ஈரம் ஏறும் மாதங்களில் பலகை நடுவில் வயிறு தள்ளும். கூரையகணி முதலில், சுவர் அகணி அடுத்தது. சுவர்ப் பலகையின் மேல்விளிம்பு கூரைப்பலகையைத் தாங்கும்.

மடல் 5 · சுங்கை சிப்புட், தச்சுப் பட்டறையிலிருந்து

அகணி, அகணிப்பலகை, அகணித்துணி, கூரையகணி நான்கும் தாளில் ஏறுகின்றன. நன்றி.

இனி கேபினட். கேபினட்டும் லாச்சியும் இருக்கட்டும். லாச்சி டச்சுக்காரர் விட்டுப்போனது, மலாய்க்காரரும் அதைத்தான் 'லாச்சி' என்கிறார்கள், எல்லாருக்கும் புரியும். அலமாரி போர்த்துகீசியச் சொல், அதுவும் நம்மோடு கலந்துவிட்டது. ஆனால் தலைக்குமேல் சுவரோடு ஓடும் கேபினட்டுக்குத் தனிப்பெயர் வேண்டும், ஏனெனில் அதன் வேலையே வேறு. 'பரண்' வைக்கலாமா? வீட்டுப் பரண் சாமான் போடும் இடம், இதுவும் அதுதான்.

அண்ணன் தம்பிகள் கவனிக்க வேண்டிய ஒன்று: பழைய வண்டிகளில் பல, தரைமேல் கேபினட்டுகளை நிறுத்திவிட்டுப் பிறகு சுவரைச் சேர்த்துக் கட்டப்பட்டவை. ஸ்குருவின் தலை அகணிக்குப் பின்னால் இருக்கும். உள்ளிருந்து தேடினால் கிடைக்காது. கடப்பாறை போட்டால் அகணியும் சேர்ந்து கிழியும். இடுக்கில் மெல்லிய ரம்ப அலகை விட்டு ஸ்குருவையே அறுக்க வேண்டும். பரண்கள்தாம் கூரையையும் சுவரையும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் கழற்றினால் கூரை தொய்யும். ஒரு பக்கம் கழற்று, நடுவே 2 அங்குலக் கட்டையால் முட்டுக் கொடு, பிறகு மறுபக்கம்.

எடைக்காகவும் ஒரு வரி. 8க்கு 4 அடியில் 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை ஒன்று 38 கிலோ அளவுக்கு வரும். 12 மி.மீ. மெராந்தி பிளைவுட் 20, 21 கிலோ. எம்டிஎஃப் ஈரம் குடித்தால் விளிம்பு உப்பும், பிறகு கீல் ஸ்குரு நிற்காது. நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பால்மர (ரப்பர் மர) பலகையைக் கதவுச் சட்டத்துக்கு எடுக்கலாம், பார்வைக்கும் நன்றாக இருக்கும். சுவருக்குள் வைக்கும் சட்டத்துக்கு மட்டும் வேண்டாம். ஈரம் பட்டால் நீலம் பூக்கும், பூச்சியும் ஏறும்.

மடல் 6 · தைப்பிங்

'பரண்' மிகப் பொருத்தம்.

ஒரு சேர்க்கை. பரணின் பின்பக்கம் அகணியோடு ஒட்டிக்கொண்டால் அங்கே காற்று ஓடாது, துணி வைத்தால் பூசணம் பிடிக்கும். பரணின் அடிப்பலகையிலும் மேல்விளிம்பிலும் 25 மி.மீ. துளைகள் போட்டுப் பின்பக்கம் இரண்டு விரல் இடம் விடச் சொல்லுங்கள். அந்தத் துளைக்குக் 'காற்றுக்கண்' என்று பெயர் வைக்கலாம். அடுப்புக்குக் கீழே தரையில் இருக்கும் துளை வேறு. சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழே இறங்கும், அது வெளியேறுவதற்காக வைத்தது அந்தத் துளை. புதுத் தரை போடும்போது அடைத்துவிடுகிறார்கள். அதற்கு 'வாயுப்போக்கி' என்று தனிச்சொல்லே கொடுத்து, தாளில் சிவப்பில் அச்சிடுங்கள் அண்ணே.