கச்சத்தீவுத் திருவிழாவில் பழைய நண்பனிடம் என்ன சொல்வது?

தங்கச்சிமடத்தான்:
விசைப்படகில் பங்குக்கு வேலை பார்க்கிறேன். மண்டபம் இலங்கை அகதி முகாமிலிருந்து வந்த ஒருவன் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். போர் முடிந்தபின் குடும்பத்தோடு இலங்கையில் மன்னார்ப் பக்கம் பேசாலைக்குத் திரும்பி, இப்போது நண்டு வலை போடுகிறான்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தோணியார் திருவிழாவில் சந்தித்தோம். கட்டிப்பிடித்தான். சாப்பிடும்போது செல்பேசியில் ஒரு படம் காட்டினான்: சுருண்டு முறுக்கிக் கிடந்த வலை, பாதி மிதவைகள் காணோம். "உங்கள் ஊர் விசைப்படகின் இழுவைமடி வாரியது. கடனுக்கு வாங்கிய வலை" என்றான். "கடலில் எல்லை யாருக்குத் தெரிகிறது" என்றேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நான் சொன்னது பொய். எங்கள் படகில் ஜிபிஎஸ் இருக்கிறது.

இந்த ஆண்டும் திருவிழாவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அவன் மனைவிக்கு ஒரு சேலையும் கொஞ்சம் பணமும் கொண்டுபோனால் தவறாக எடுத்துக்கொள்வானா?

ராமேஸ்வரம் ராஜா:
தம்பி, மீனவனுக்கு மீனவன் பகையில்லை. தொப்புள்கொடி உறவு நம்முடையது. 1974இல் கச்சத்தீவைக் கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அதை மீட்டால் தீர்ந்தது.

ஓலைக்குடா நாட்டுப்படகு:
ராஜா அவர்களே, தீவு நாளைக்கே கைக்கு வந்தாலும் பேசாலைக் கரையோரம் மடி இழுக்க அது சீட்டு ஆகாது. தொப்புள்கொடியை வலை கிழிந்தவன் சொல்லட்டும், கிழித்தவன் சொல்ல வேண்டாம்.

எனக்கு வயது 67. விசைப்படகு வந்த புதிதில் எங்கள் வலையை அறுத்தவர்கள் பேசாலைக்காரர்கள் இல்லை, பக்கத்துத் தெருக்காரர்கள். கல்யாணத்துக்குப் போவதில்லை, சாவுக்குப் போனால் வாசலோடு சரி. சமாதானக் கூட்டம் எத்தனையோ போட்டார்கள், வடை தின்றுவிட்டு வந்தோம். பிறகு கடலுக்குப் போகும் நாட்களைப் பிரித்தார்கள்: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் எங்கள் நாட்டுப்படகுக்கு. அன்பு ஒன்றும் பொங்கவில்லை. ஆனால் எங்கள் நாளில் போட்ட வலை விடியற்காலையில் போட்ட இடத்தில் கிடந்தது. இப்படி ஒரு மாதம், இரண்டு மாதம் கிடந்த பிறகுதான் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

பேசாலைக்காரர்களுக்கு நாம் செய்ததைப் பாருங்கள். போர்க்காலம் முழுக்கப் பாஸ், தடை, கடற்படை என்று கரையில் முடங்கிக் கிடந்தவர்கள். 2009க்குப் பிறகு கடலில் இறங்கினால் எதிரே நம் படகுகள். 2010இல் இரு பக்கத்து மீனவர்களும் பேசி, ஒரு வருடத்தில் இழுவைமடியை விட்டுவிடுகிறோம் என்று நம் ஆட்கள் ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. அவர்களோ 2017இல் தங்கள் நாட்டிலேயே இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் போட்டார்கள். கடற்படை நம் பிள்ளைகளைப் பிடிப்பதும் அடிப்பதும் எனக்கும் வயிறு எரிகிற விஷயம்தான். அது வேறு கணக்கு.

சேலை பிறகு இருக்கட்டும். முதலில் ஜிபிஎஸ் விஷயத்தைச் சொல்.

மன்னார்த் தங்கை:
ஐயா சொல்வது சரி. எங்கள் பக்கமும் சுத்தம் இல்லை, அண்ணன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். போர் முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது ஒரு குடும்பத்தின் மீன் வாடி, அதாவது கரையில் மீன் வேலைக்கான கொட்டகை, நின்ற இடத்தில் எங்கள் அப்பாவின் கொட்டில் இருந்தது. அப்பா முதலில் "அந்தக் காலத்து ஆட்கள் செய்தது, எனக்கென்ன தெரியும்" என்றார், நீங்கள் எல்லை தெரியாது என்றது போல. இரண்டு வருடம் முகம் பாராமல் போனது. ஒரு நாள் அவராகவே போய், "உங்கள் வாடி எதுவரை இருந்தது, வந்து காட்டுங்கள்" என்று கேட்டார். அந்த வீட்டு வாப்பா வந்து காலால் மணலில் கோடு கிழித்தார். கொட்டிலில் பாதி கோட்டுக்குள் இருந்தது. அப்பா அந்தப் பாதியைப் பிரித்தார். அம்மா ஒரு மாதம் அவருடன் சரியாகப் பேசவில்லை.

தங்கச்சிமடத்தான்:
ஐயா, எங்கே மடி இறக்குவது என்று ஓட்டுநர் முடிவு செய்கிறார். நான் வெறும் ஆள். அதையும் சொல்லட்டுமா?

ஓலைக்குடா நாட்டுப்படகு:
கடைசியாகச் சொல். முதலில் சொன்னால் அது சாக்காகிவிடும். எத்தனை துண்டு வலை போனது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள். அவன் எதிரிலேயே எழுது.