ரீ.சப்-இல் நான்காவது ஆர்கியூமென்ட்டைத் தூக்கிவிடலாமா?

கேள்வி:
பழைய பைத்தான் கோடில் ரீ.சப் (re.sub, பேட்டர்ன் பொருந்தும் இடங்களை மாற்றும் ஃபங்ஷன்) வரும் இடமெல்லாம் பேட்டர்ன், மாற்று, ஸ்ட்ரிங், கடைசியில் ரீ.ஐ (re.I, பெரிய-சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காதே என்னும் ஃப்ளாக்) என்று நான்கு இருக்கின்றன. 3.13-க்கு மாறியபின் டெஸ்ட் ஓட்டினால் டெப்ரிகேஷன் வார்னிங் (இப்படி எழுதுவது கைவிடப்படுகிறது என்ற எச்சரிக்கை). பேட்டர்ன் வெறும் கமாதான், எழுத்தே இல்லை. ரீ.ஐ-யை நீக்கினால் ஏதாவது உடையுமா?

பதில்:
நீக்குங்கள். ஆனால் அவுட்புட் மாறும். நான்காவது இடம் ஃப்ளாக்ஸுக்கு இல்லை, கவுண்ட்டுக்கு, அதாவது அதிகபட்சம் எத்தனை இடத்தில் மாற்றலாம் என்பதற்கு. ரீ.ஐ-யின் மதிப்பு 2. அதனால் இதுவரை முதல் இரண்டு கமா மட்டுமே போயிருக்கும். "1,23,45,678" கொடுத்துப் பாருங்கள்: "12345,678" வரும். நீக்கியபின் கவுண்ட் 0, அதாவது எல்லாமே மாறும்.

இன்னொரு பதில்:
மற்ற ஃப்ளாக்குகளும் இப்படித்தான்: ரீ.எம் என்றால் 8, ரீ.எஸ் 16. சின்ன டெஸ்டில் ஒன்பதாவது பொருத்தமே வராது, பிழை பதுங்கிக்கொள்ளும். ஃப்ளாக் உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் 'ஃப்ளாக்ஸ்=' என்று பெயர் சொல்லியே கொடுங்கள்.

கேட்டவர்:
சரியாக அதேதான், மூன்றாவது கமா நிற்கிறது! ரீ.கம்பைல் கொண்டு முன்பே கம்பைல் செய்த பேட்டர்ன்களிலும் இப்படி இருக்குமா?

பதில்:
அங்கே இன்னும் மோசம். கம்பைல் செய்த பேட்டர்னின் சர்ச்சில் ஸ்ட்ரிங்குக்கு அடுத்தது தொடக்க இடம். ரீ.ஐ கொடுத்தால் முதல் இரண்டு எழுத்தை விட்டுவிட்டுத் தேடும், வார்னிங்கும் வராது. ஃப்ளாக்கை கம்பைலிலேயே கொடுத்துவிடுங்கள். இவற்றை கிரெப் (ஃபைல்களுக்குள் தேடும் கருவி) போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.