ஓகஸ்ட் பயணத்துக்கு மார்ச்சிலேயே ஏற்பாடு தேவையா?

வெள்ளவத்தை நிலா:
ஓகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருகோணமலை போகிறோம். மார்ச்சிலேயே நாள் குறித்து, உப்புவெளியில் இரண்டு அறையும் பிடித்துவிட்டேன். "இப்பவே என்ன அவசரம்?" என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். போன வருடம் யாழ்ப்பாணம் போகக் கடைசி நேரத்தில் கிளம்பியதில் ரயிலில் சீட் இல்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் முற்பதிவில்லாத பெட்டியில் ஏறினோம். எழுபது வயது அம்மா வவுனியா வரைக்கும் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் மேல் இருந்துதான் வந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் வலிக்கிற முழங்காலை மடக்க வேண்டும். எனக்கு இனி அப்படி ஒரு பயணம் வேண்டாம். நீங்கள் எல்லாம் எப்போது ஏற்பாடு செய்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அக்கா, அம்மா பட்ட கஷ்டம் விளங்குகிறது. ஆனால் இந்த நாட்டில் ஐந்து மாதத்துக்கு முதல் காசைக் கட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. அந்த 2022 ஜூலைக்குத்தான் நான் நிலாவெளியில் ஓர் அறைக்கு முழுக்காசும் கட்டி வைத்திருந்தேன். வான் வண்டிக்கு டீசல் இல்லை, போகவில்லை, காசும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை யோசித்துச் சனிக்கிழமை கிளம்புவதுதான் என் வழக்கம்.

வெள்ளவத்தை நிலா:
தம்பி, உங்களால் முடியும். இரண்டு பிள்ளைகள், அம்மா, லீவை ஒன்றரை மாதம் முதலே எழுதிக் கொடுக்க வேண்டிய கணவர், இவ்வளவு பேரையும் கூட்டிக்கொண்டு என்னால் முடியாது. அப்புறம், கையில் காசு இல்லாததால்தான் நான் மார்ச்சில் தொடங்குகிறேன். எங்கள் தொடர்மாடியில் பத்துப் பேர் சீட்டுக் கட்டுகிறோம். ஜூலைச் சீட்டு எனக்கு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்தேன். கடைசி வாரத்தில் யோசித்தால் கடன்தான் வாங்க வேண்டிவரும்.

பம்பலப்பிட்டி அண்ணை:
ஒரு விஷயம் பிள்ளை. ரயில் சீட் முற்பதிவு பயணத்துக்கு 30 நாள் முதல்தான் திறக்கும். மார்ச்சில் எவ்வளவு ஓடித் திரிந்தாலும் அதற்கு முதல் எடுக்க முடியாது. ஆனால் திறந்த அன்றே எடுக்க வேண்டும், விடுமுறைக் காலத்தில் சீட் அவ்வளவு வேகமாக முடிந்துவிடும். யாழ்ப்பாணப் பக்கம் இன்னும் மோசம், நல்லூர்த் திருவிழா 25 நாள், கொழும்பில் பாதிச் சனம் அங்கேதான். கொடியேற்றம் எப்போது என்பது பஞ்சாங்கத்தில் இருக்கிறது, பார்த்து விலகிப் போகலாம்.

திருகோணமலைக்கு ஓகஸ்ட் சரியான தெரிவு. சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலத்தில் வெள்ளவத்தைக் கடலில் கால் வைக்க முடியாது. அதே நேரம் நிலாவெளியில் கடல் குளம் மாதிரி இருக்கும். இதையே டிசம்பருக்கு வைத்திருந்தால் வாடைக்காற்றும் மழையும்தான். கன்னியாவுக்கும் காலையிலேயே போங்கள். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வாளியால் அள்ளி ஊற்றும்போது பிள்ளைகள் போடும் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அண்ணை சொல்வதையே பாருங்கள் அக்கா. ரயிலுக்கு ஒரு மாதம் போதும். நாளைக் குறியுங்கள், லீவு எழுதுங்கள், சீட்டும் கட்டுங்கள், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. காசை மட்டும் ஏன் இப்போதே கொடுக்கிறீர்கள்? நான் இழந்தது ஒரு மாதச் சம்பளம்.

வெள்ளவத்தை நிலா:
முழுதும் கட்டவில்லை தம்பி, கால்வாசிதான். ஜூலை நடுப்பகுதி வரைக்கும் ரத்துச் செய்தால் திருப்பித் தருவோம் என்று உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினேன். அதற்கு அவர் சம்மதிக்காமல் இருந்திருந்தால் வேறு இடம் பார்த்திருப்பேன்.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
எழுத்தில் இருந்தால் சரி. நான் அன்றைக்கு வாய்ச்சொல்லை நம்பினேன். ஆனாலும் என் கை இன்னும் முற்பணம் கொடுக்க வராது அக்கா.

வெள்ளவத்தை நிலா:
விளங்குகிறது தம்பி. அண்ணை, ரயில் விஷயம் எனக்குத் தெரியாது, நல்ல வேளை சொன்னீர்கள். ஓகஸ்ட் 8 கிளம்புகிறோம். ஜூலை 9இல் கலண்டரில் சிவப்பு வட்டம் போட்டுவிட்டேன். முதல் சீட் அம்மாவுக்கு, ஜன்னல் பக்கம்.