முன் பிரேக் பேட் 4 மி.மீ., சத்தம் இல்லை: இப்போதே மாற்ற வேண்டுமா?

பொள்ளாச்சிக்காரன்:
சின்ன ஹேட்ச்பேக், நாற்பதாயிரம் கி.மீ. ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் "முன் பேட் 4 மி.மீ. தான் இருக்கு, டிஸ்க்கையும் சேர்த்து மாத்திடுங்க சார்" என்கிறார்கள். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, சத்தமும் இல்லை. அடுத்த வாரம் குடும்பத்தோடு வால்பாறை போகிறோம். மாற்றட்டுமா, தள்ளிப்போடட்டுமா?

டீசல் மாமா:
இப்போது வேண்டாம் தம்பி. புது பேட் 10 மி.மீ. என்று வைத்துக்கொள். 6 தேய நாற்பதாயிரம் ஆகியிருக்கிறது. மீதியில் இன்னும் பத்தாயிரமாவது தாராளமாக ஓடும். பேட்டிலேயே சின்னதாக ஒரு தகடு வைத்திருப்பான். லைனிங், அதாவது பேட்டில் தேய்கிற பகுதி, 2, 3 மி.மீ.க்கு வந்ததும் அது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அப்போது மாற்றினால் போதும். டிஸ்க் மாற்றச் சொல்வதெல்லாம் பில்லை ஏற்றத்தான்.

ஸ்பேனர் செட்டு:
மாமா, டிஸ்க் விஷயத்தில் உங்கள் கட்சி. ஆனால் "கத்தட்டும், மாற்றலாம்" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. அந்தத் தகடு பல வண்டிகளில் ஒரு பக்க பேட்டில்தான் இருக்கும். மலிவான பேட் சிலவற்றில் இருக்கவே இருக்காது. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால் உள்பக்க பேட் மட்டும் வேகமாகத் தேயும். வீல் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்க பேட். அதைப் பார்த்துவிட்டு 4 என்று எழுதியிருப்பார்கள்.

பொள்ளாச்சி நண்பரே, முன் சக்கரம் இரண்டையும் கழற்றி நாலு பேட்டையும் அளக்கச் சொல்லுங்கள், லைனிங்கை மட்டும். பின்னால் ஒட்டியிருக்கும் இரும்புத் தகடே 5 மி.மீ. வரும், அதையும் சேர்த்து அளக்கிற ஆட்கள் உண்டு.

லேத் பட்டறை:
டிஸ்க்கின் விளிம்பிலோ நடுத் தொப்பியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். புதிதில் 20 மி.மீ. என்றால் குறைந்தபட்சம் 18 என்பதுபோல. மைக்ரோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். வெர்னியரைப் பிடித்தால் ஓரத்தில் தேயாமல் நிற்கும் மேட்டில் உட்கார்ந்து கூடுதலாகக் காட்டும். அளவு மிச்சம் இருந்து, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் மட்டும் லேத்தில் லேசாகச் சீவலாம். அதிரவில்லையென்றால் அதுவும் வேண்டாம்.

நாலுவழிச்சாலை:
எதற்கு இத்தனை அளவெடுப்பு? நாற்பதாயிரம் ஆனால் மாற்று, முடிந்தது. குடும்பம் போகிற வண்டி.

டீசல் மாமா:
சென்னை டிராஃபிக்கில் அதே பேட் இருபதாயிரத்தில் தீரும், பைபாஸிலேயே ஓடுகிறவனுக்கு அறுபது தாண்டும். மீட்டரைப் பார்த்து பேட் மாற்றுவது என்ன கணக்கு?

ஸ்பேனர் செட்டு:
அதேதான் மாமா, ஓடுகிற இடம் முக்கியம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பேட் மெலிந்திருந்தால் சூடு சீக்கிரம் காலிப்பருக்கும், பெடல் அழுத்தத்தை அதற்குக் கொண்டுபோகும் பிரேக் ஃப்ளூயிடுக்கும் இறங்கும். டாட் 4 ரக ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155தான். கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. கடைசியாக ஃப்ளூயிட் எப்போது மாற்றினீர்கள்?

டீசல் மாமா:
இரண்டாம் கியரில் இறங்கினால் இந்தப் பேச்சே இல்லை. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குகிறவனுக்குப் புது பேட் போட்டாலும் புகைதான் வரும்.

பொள்ளாச்சிக்காரன்:
அளந்தாச்சு. இடது வெளிப்பக்கம் 4, உள்பக்கம் 3க்கும் கீழே. வலதில் இரண்டும் 5. டிஸ்க் இரண்டும் 19க்கு மேல், பொறித்திருப்பது 18. ஃப்ளூயிட் வாங்கியதிலிருந்து மாற்றவில்லை.

ஸ்பேனர் செட்டு:
டிஸ்க் இருக்கட்டும். முன் பேட் இரு பக்கமும் புதிது, ஸ்லைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து அதற்கான கிரீஸ், புது ஃப்ளூயிட்.

டீசல் மாமா:
இடது சரி, ஒத்துக்கொள்கிறேன். வலதில் 5 மி.மீ. இருக்கிற பேட்டை எதற்குத் தூக்கிப் போடணும்?

ஸ்பேனர் செட்டு:
ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழசு என்றால் அழுத்திப் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும் மாமா. ஒரு அச்சில் ஜோடியாகத்தான் மாற்றுவார்கள்.

டீசல் மாமா:
லேசாக இழுக்கும், ஸ்டியரிங்கில் சமாளிக்கலாம். உங்கள் இஷ்டம்.

லேத் பட்டறை:
எதைச் செய்தாலும் இன்றைக்கே செய்யுங்கள். புது பேட் டிஸ்க்கில் படிய சில நூறு கி.மீ. ஆகும். மாட்டின மறுநாளே மலை இறங்காதீர்கள்.