மழைக்கு நாள் விடிவது காலை எட்டரைக்கு: கோடை இடிமழையை அளந்தவர்களின் அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து, தக்காளி பயிரிடுபவர்

மழைமானி வாங்கிய முதல் கோடையில் நான் செய்த பிழையிலிருந்தே தொடங்குகிறேன். மே மாதத்தில் ஒரு நாள் மாலை, மேற்கே பஞ்சப்பள்ளி மலைகளின் மேல் கறுத்துக்கொண்டிருந்த மேகம் ஆறு மணிக்கெல்லாம் புழுதிக்காற்றோடு எங்கள் தோட்டத்துக்கு வந்து, நாற்பது நிமிடம் கொட்டிவிட்டுப் போனது. மழை விட்டதும் ஓடிப்போய் அளந்து, 34 மி.மீ. என்று அன்றைய தேதியிலேயே நோட்டில் எழுதினேன். மாவட்ட மழைப் பட்டியலிலோ அந்தத் தேதிக்குப் பாலக்கோட்டில் மழையே இல்லை; அதற்கு அடுத்த தேதியில்தான் மழை காட்டப்பட்டிருந்தது. பட்டியல் தவறு என்று டீக்கடையில் எல்லோரிடமும் இரண்டு மாதம் சொல்லித் திரிந்தேன். கடைசியில், வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "தம்பி, மழைக் கணக்குக்கு நாள் விடிவது காலை எட்டரைக்கு" என்று பொறுமையாக விளக்கினார்.

முதல் நாள் காலை எட்டரை முதல் மறுநாள் காலை எட்டரை வரை பெய்யும் மழை, அளக்கப்படும் நாளின் தேதியில்தான் பதிவாகும். நம் கோடை மழை பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் பெய்வதால், நாம் நனைந்த தேதியும் ஏட்டில் ஏறும் தேதியும் அநேகமாக ஒத்துப்போவதே இல்லை. மே 31 மாலையில் பெய்யும் கோடை மழை ஜூன் 1-இல் பதிவாகி, தென்மேற்குப் பருவமழைக் கணக்கில் சேர்ந்துவிடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. அதன்பின் நோட்டில் தனித்தனிப் பத்திகள் போட்டேன். முதல் இடி கேட்ட நேரம், மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம் ஆகியவை அன்றைய தேதியிலும், அளவு மட்டும் மறுநாள் காலைத் தேதியிலும் இருக்கும்.

மழைமானியை வைத்த இடமும் முதலில் தவறாகத்தான் இருந்தது. மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்திருந்ததால், கோடைக்காற்றில் சாய்ந்து வரும் மழை சுவரில் அடித்ததே தவிர மானிக்குள் விழவில்லை. பக்கத்தில் உள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும் என்று அறிந்தபின், களத்துமேட்டில் வெட்டவெளியில் கல் நட்டு அதன்மேல் வைத்தேன். கடையில் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. வாயின் பரப்பு 200 சதுர செ.மீ. உள்ள புனலும் அளவுக் குடுவையும் இருந்தால், 20 மில்லி தண்ணீர் 1 மி.மீ. மழை என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் என்னை இந்தப் பழக்கத்தில் பிடித்து வைத்திருப்பது பெய்த மழை அல்ல, பெய்யாத மழைதான். வெப்பச்சலனத்தால் எழும் ஓர் இடிமேகத்தின் மழைப்பட்டை சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும் என்பதை எங்கள் ஆயா, மாட்டின் ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு காயும் என்று சொல்வார். காரிமங்கலம் சாலையில் தண்ணீர் ஓடிய ஒரு மாலையில் எங்கள் களத்துமேட்டில் குளிர்ந்த காற்று மட்டுமே வந்தது. அரை மணி நேரத்துக்குள் வெப்பமானி 37-இலிருந்து 26-க்கு இறங்கியது, மானியில் ஒரு சொட்டும் இல்லை. தூரத்து மழையோடு சேர்ந்து கீழே இறங்கிய குளிர்காற்று தரையில் பரவி எங்களைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. அன்று பூஜ்யம் என்று எழுதினேன். பூஜ்யத்தை எழுதாத நோட்டைப் பின்னாளில் பார்க்கிறவருக்கு, அன்று மழை இல்லையா அல்லது ஆள் ஊரில் இல்லையா என்பது தெரியாது.

அளந்தவர்கள், அளவு தப்பியவர்கள் இருவருமே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து, பள்ளி ஆசிரியர்

அண்ணா, உங்களுக்கு மேகம் காட்டும் மேற்கு மலைகளுக்கு அருகில்தான் நாங்கள் இருக்கிறோம் என்றாலும், அந்த மேகத்தை ரேடாரில் பார்க்கும் வசதி எங்களுக்கு மிகக் குறைவு. சென்னை ரேடார் படத்தின் வட்டம் 250 கி.மீ. வரைதான். கிருஷ்ணகிரி நேர்கோட்டில் சுமார் 230 கி.மீ. தொலைவில் இருப்பதால் விளிம்புக்குள் வந்துவிடுகிறது. எங்கள் ஊரோ வட்டத்துக்கே வெளியே நிற்கிறது. பூமி வளைந்திருப்பதால், ரேடாரின் கதிர் கிருஷ்ணகிரிக்கு வரும்போது தரையிலிருந்து நான்கைந்து கி.மீ. மேலே போய்விடுகிறது. மேகத்தின் தோளையும் தலையையும் அது பார்க்கிறதே தவிர, அடியில் மழை தரையைத் தொடுகிறதா, வழியிலேயே ஆவியாகிறதா என்பதைப் பார்ப்பதில்லை. படத்தில் சிவப்பாகத் தெரிந்தும் ஊரில் தூறல்கூட இல்லை என்று அலைபேசியைத் திட்டுகிற நண்பர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அதனால் நான் இன்சாட் செயற்கைக்கோள் படத்தையும் என் கண்ணையும் நம்புகிறேன். காலிஃபிளவர் போலப் பொங்கும் மேகத்தின் உச்சி, கொல்லன் பட்டறைக்கல் போலத் தட்டையாகி ஒரு பக்கமாக நீளத் தொடங்கினால், அது நீளும் திசையை முதலில் குறித்துக்கொள்வேன். மேகம் அந்தத் திசையிலேயே நகரும் என்பது நிச்சயமில்லை. ஒரு சித்திரை மாதத்தில் பட்டறைக்கல் கிழக்கே நீண்டதைப் பார்த்து, மழை தப்பிவிட்டது என்று முடிவு செய்து சட்டையைக் கொடியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடத்தில் அதே மேகத்தின் அடியிலிருந்து கிளம்பிய குளிர்காற்று எங்கள் பக்கம் புதிதாக ஒரு மேகத்தை எழுப்பி, ஆலங்கட்டியோடு கொட்டியது.

ஆலங்கட்டியை அளப்பது தனி வேலை. சில கட்டிகள் புனலில் பட்டு வெளியே தெறித்துவிடும். உள்ளே விழுந்தவை வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். அளவு தெரிந்த வெந்நீரை ஊற்றிக் கரைத்து, மொத்தத்திலிருந்து ஊற்றியதைக் கழித்துவிட வேண்டும். அன்று கழித்தபின் 19 மி.மீ. வந்தது. பெரிய கட்டி ஒன்றை அடிக்கோலில் வைத்தபோது 2 செ.மீ. இருந்தது, என் மகள் அதைக் குளிர்பெட்டியில் ஒரு வாரம் பாதுகாத்தாள். கோடையில் தண்ணீர் உறையும் குளிர் தொடங்கும் மட்டம் நம் தலைக்கு மேல் சுமார் ஐந்து கி.மீ. உயரத்தில் இருக்கிறது. நாங்கள் உங்களைவிடச் சில நூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால், கட்டி உருகுவதற்குக் கிடைக்கும் தூரமும் அந்த அளவுக்குக் குறைகிறது. எங்கள் பகுதியில் ஆலங்கட்டி அடிக்கடி விழுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

பென்னாகரத்திலிருந்து, மளிகைக்கடை வைத்திருப்பவர்

என்னுடையது சிறிய அனுபவம்தான். போன கோடையில் பக்கத்துத் தெருவில் சாக்கடை நிரம்பி ஓட, என் மானியில் 3 மி.மீ. மட்டுமே இருந்தது கண்டு வருண பகவானைக் குறை சொன்னேன். கழுவுவதற்காகக் கழற்றியபோதுதான், புனலின் துளையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது தெரிந்தது. தண்ணீர் மேலே தேங்கி வழிந்து போயிருக்கிறது. அந்த மாதக் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் துளையில் ஈர்க்குச்சி விட்டுப் பார்க்கிறேன்.

ஊத்தங்கரையிலிருந்து, தையல் கடை நடத்துபவர்

கோடை மழைதான் இங்கே பேச்சு என்றாலும், என் மானியை மாற்ற வைத்தது ஃபெஞ்சல் புயல் மழை என்பதால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் 50 செ.மீ. மழை பதிவானது, அரூரில் 33 செ.மீ. நிறுத்தியிருந்த வாகனங்களை வெள்ளம் இழுத்துச் சென்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. என் மானி 150 மி.மீ. வரைதான் கொள்ளும். நள்ளிரவில் பார்த்தபோது விளிம்பைத் தொட்டிருந்ததை அளந்து கொட்டினேன். விடிந்து பார்த்தால் மறுபடி நிரம்பி வழிந்து கொண்டிருந்தது. ஊரின் ஆகப் பெரிய மழை நாளில் என் நோட்டில் இருப்பது "300-க்கு மேல்" என்ற இரண்டு சொற்கள்தான். எவ்வளவு மேல் என்பதை இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது. இப்போது உள்மானி நிரம்பினால் வழிவதைப் பிடிக்க வெளியே ஒரு பெரிய கலனும் வைத்திருக்கிறேன்.

கோடைக்கு வருகிறேன். ஈசானி (வடகிழக்கு) மூலையில் மின்னினால் மழை தப்பாது என்று எங்கள் மாமியார் சொல்வார். மூன்று கோடைகளாக மின்னல் தெரிந்த திசையையும் குறித்து வருகிறேன். ஐப்பசியில் அவர் சொன்னது பலமுறை பலித்தது. சித்திரை, வைகாசியில் ஈசானி மின்னல் பெரும்பாலும் ஜவ்வாது மலைப் பக்கத்தோடு நின்றுவிட, எங்களை நனைத்த மழைகள் அநேகமாக வடமேற்கே பர்கூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்னியவையே. இதை அவரிடம் காட்டியபோது, "நான் சொன்னது அடைமழைக் காலத்துக்கு, நீதான் கோடையில் போட்டுப் பார்க்கிறாய்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணி, மூன்று விநாடிக்கு ஒரு கி.மீ. என்று தூரத்தையும் எழுதுகிறேன். முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் எண்ணுவதை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வரை மானியின் பக்கம் போவதில்லை. மழை விட்டதும் ஓடிப்போய் அளந்தேன் என்று பாலக்கோட்டு அண்ணா எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. மாந்தோப்பில் காற்றுக்கு உதிர்ந்த பெங்களூராக் காய்களைப் பொறுக்க இதே போல அவசரப்பட்டு ஓடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து மீண்டும்

அம்மா, நீங்கள் கண்டித்தது சரி. தண்ணீர் மானியில்தான் இருக்கும், எட்டரைக்கு அளந்தாலும் அதே கணக்குதான் என்று தெரிந்த பிறகும், வெறும் ஆர்வத்தில் இரண்டு கோடைகள் அப்படி ஓடியிருக்கிறேன். உங்களைப் பார்த்து இன்று நோட்டில் மின்னல் திசைக்கு ஒரு பத்தி சேர்த்தேன். நேற்று மாலை 4.50-க்கு மேற்கே முதல் இடி கேட்டது. எண்ணியதில் 40 விநாடி, அதாவது சுமார் 13 கி.மீ. காலையில் மானியில் 0.6 மி.மீ. இருந்தது. மழை நாள் என்று எண்ண 2.5 மி.மீ. வேண்டும் என்பதால் அந்தக் கணக்கில் சேரவில்லை. தக்காளிச் செடியின் அடியில் புழுதிகூட அடங்கவில்லை.